குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை

கல்வியியல் கல்லூரி நூலகங்களில் கடைசி வரிசையில் ஓர் அலமாரி இருக்கும். கறுப்பிலும் கருநீலத்திலும் ரெக்சின் அட்டை போட்டு, முதுகில் பொன்னிற எழுத்து பதித்த எம்.எட். ஆய்வேடுகள் அதில் அடுக்கியிருக்கும். வாய்மொழித் தேர்வு முடிந்த நாளோடு அவற்றின் வாழ்வும் முடிந்துவிடுகிறது. யாரும் எடுத்துப் படிப்பதில்லை. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கோடை விடுமுறையில் அவற்றை வரிசையாக எடுத்துப் படிக்கத் தொடங்கினேன். பெரும்பாலான முகப்புகளில் பெண்களின் பெயர்கள். பல ஆண்டுகள் வகுப்பறையில் நின்ற பெண்கள் எழுதியவை என்பதால் அவற்றை ஓர் இலக்கிய வகையாகவே வாசித்துப் பார்க்கலாமே என்று தோன்றியது. இவ்வளவு எழுதும் பெண்கள் என்னதான் எழுதியிருக்கிறார்கள்?

இந்த வகைக்குக் கறாரான இலக்கணம் உண்டு. தலைப்பில் இரண்டு மாறிகள் இருக்க வேண்டும்: மனவெழுச்சி நுண்ணறிவும் கல்வி அடைவும், படிப்புப் பழக்கமும் தேர்வு அச்சமும், தன்மதிப்பும் அடைவூக்கமும். பிறகு ஒரு மாவட்டத்தின் பெயர். உள்ளே ஐந்து இயல்கள்: அறிமுகம், தொடர்புடைய ஆய்வுகள், ஆய்வு முறை, பகுப்பாய்வு, முடிவுகள். முந்நூறு மாணவர்களுக்கு வினாத்தாள் கொடுத்து, விடைகளைக் கட்டங்களாகப் பிரிப்பார்கள். ஆண், பெண். நகரம், கிராமம். அரசுப் பள்ளி, தனியார் பள்ளி. பி.சி., எம்.பி.சி., எஸ்.சி. ஒவ்வொரு இணைக்கும் ஒரு டி-சோதனை. கணக்கிட்ட மதிப்பு 1.96-ஐவிடக் குறைவாக இருந்தால், ஆண் பெண் மாணவர்களிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை, எனவே இன்மைக் கருதுகோள் ஏற்கப்படுகிறது என்று எழுதிவிட்டு அடுத்த அட்டவணைக்குப் போக வேண்டும்.

அந்த அலமாரியில் நான் அதிகம் படித்த வாக்கியம் இதுதான். முதலில், இது புள்ளியியல்படியே தவறான வாக்கியம். இன்மைக் கருதுகோளை நிராகரிக்க முடியவில்லை என்றுதான் சொல்லலாம்; ஏற்கப்படுகிறது என்று சொல்ல முடியாது. இந்த மாதிரியில், இந்த வினாத்தாளைக் கொண்டு, வேறுபாடு உண்டு என்று காட்டப் போதிய சான்று கிடைக்கவில்லை என்பதே அந்தச் சோதனையின் பொருள். ‘கிடைக்கவில்லை’ என்பது ஆய்வேட்டில் ‘இல்லை’ ஆகிவிடுகிறது. அதாவது, நாம் கேட்காத கேள்விகளின் பதில் இல்லாமை, சமத்துவத்தின் சான்றாக அச்சேறுகிறது.

வேறுபாடு வந்துவிட்டால் இன்னும் மோசம். பெண்களின் சராசரி கூடுதலாக இருந்தால், பெண்கள் இயல்பாகவே பொறுமையும் பொறுப்பும் உடையவர்கள் என்று ஒரு விளக்கம். குறைவாக இருந்தால், பெண்கள் இயல்பாகவே அச்ச உணர்வு மிக்கவர்கள் என்று மற்றொரு விளக்கம். வேறுபாடு இல்லாதபோது பாலினம் வெறும் கட்டம். வேறுபாடு இருக்கும்போது அது இயற்கை. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் வீடு, தெரு, பள்ளிக் கழிப்பறை, பேருந்து, கல்யாணப் பேச்சு எதற்கும் அந்த ஐந்து இயல்களில் இடமில்லை. சாதியும் இப்படித்தான் மூன்று கட்டங்களாகச் சுருங்கி, ஒரு மாறியாக மட்டும் நின்றுவிடுகிறது.

இதை வெளியே நின்று சொல்லவில்லை. அந்த அலமாரியில் என் ஆய்வேடும் இருக்கிறது.

பதினோரு ஆண்டுகள் பாடம் நடத்திய பிறகு எம்.எட். சேர்ந்தேன். போகும்போது என்னிடம் ஒரு கேள்வி இருந்தது. ஒவ்வோர் ஆண்டும் ஒன்பதாம் வகுப்பில் அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் சில பெண்கள் வாரத்துக்கு இரண்டு நாள் வராமல் போவார்கள். பத்தாம் வகுப்பில் அவர்களில் ஓரிருவர் முற்றாகக் காணாமல் போவார்கள். ஏன் அந்த வயதில், ஏன் அந்தப் பெண்கள்? நெறியாளரிடம் சொன்னேன். அவரும் பெண், அன்பானவர். “நல்ல விஷயந்தாம்மா. ஆனா அதுக்கு டூல் இல்லையே” என்றார். டூல் என்றால் ஏற்கெனவே தரப்படுத்தப்பட்ட வினாத்தாள். டூல் உள்ள தலைப்பாக, படிப்புப் பழக்கமும் கல்வி அடைவும் என்று முடிவாயிற்று.

வினாத்தாளில் ஒரு கூற்று: ‘நான் தினமும் குறிப்பிட்ட நேரத்தில் படிக்கிறேன்.’ ஆம், இல்லை என இரண்டு கட்டங்கள். ஒரு பள்ளியில் ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி தாளோடு எழுந்து வந்தாள். “டீச்சர், சோறு வடிச்சு, தம்பிக்குப் போட்டு, பாத்திரம் கழுவிட்டுத்தான் உக்காருவேன். தெனமும் அப்படித்தான். அது குறிப்பிட்ட நேரமா?” என்று கேட்டாள். நான் ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, “ஆம்னு போடும்மா” என்றேன். போட்டாள். அவள் தம்பி வயதுப் பையன்களும் ஆம் என்றுதான் போட்டிருந்தார்கள். நான்காம் இயலில் எழுதினேன்: ஆண் பெண் மாணவர்களிடையே படிப்புப் பழக்கத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. என் ஆய்வின் ஒரே கண்டுபிடிப்பு என் மேசைக்கு நடந்து வந்தது. அதைக் கட்டத்துக்குள் திருப்பி அனுப்பியவள் நான்தான்.

ஏற்கெனவே ஆசிரியராகத் தகுதி பெற்றவர்களுக்கான முதுகலைப் படிப்பு இது. வகுப்பறையில் சேர்த்த அறிவைக் கோட்பாட்டோடு உரசிப் பார்க்கும் இடமாக இருந்திருக்க வேண்டும். ஆனால் அந்த அறிவை வாசலில் கழற்றிவிட்டு வரச் சொல்கிறது. இது ஆய்வேட்டில் மட்டும் நடப்பதல்ல. படிப்பின் சட்டத்திலேயே தொடங்கிவிடுகிறது.

உச்ச நீதிமன்றம் அமைத்த நீதிபதி வர்மா ஆணையம் 2012-இல் ஆசிரியர் கல்வியின் சீரழிவைச் சுட்டிக்காட்டியது. தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014 விதிகள் எம்.எட். படிப்பை ஈராண்டாக்கின. ஆண்டுக்கு 200 வேலை நாட்கள், வாரத்துக்கு 36 மணி நேரம், 80 சதவீத வருகை, களப்பணிக்கு 90 சதவீதம். நோக்கம் நல்லது, வியாபாரமாகிப்போன படிப்பை மீட்க நினைத்தார்கள். ஆனால் இந்த விதிகள் கற்பனை செய்யும் மாணவர் யார்? வேலையை விட்டுவிட்டு ஈராண்டு வரக்கூடியவர். மாலையில் அவருக்கு வேறொருவர் சமைத்து வைத்திருப்பார். எம்.எட். படிப்புக்கு அந்த விதிகளில் தொலைநிலை வடிவமோ பகுதிநேர வடிவமோ இல்லை. தனியார் பள்ளியில் வேலை பார்க்கும் பெண்ணுக்குச் சம்பளத்தோடு படிப்பு விடுப்பு என்பது கனவில்கூட வராது.

எனவே பொய் பிறக்கிறது. கட்டணத்துக்கு மேல் கொஞ்சம் கட்டினால் வராமலே வருகை பதிவாகும் என்பது ஆசிரியர்களிடையே ஊரறிந்த ரகசியம். அதற்குப் பிறகு ஆய்வேட்டையும் டி.டி.பி. கடையில் முடித்துக்கொள்வது பெரிய தூரமில்லை. இதைச் செய்யும் பெண்களை ஒழுக்கம் கெட்டவர்கள் என்று திட்டுவது எளிது. அவர்களிடம் பணமும் போய், படிப்பும் கிடைக்காமல் போகிறது என்பதைத்தான் நாம் பேச வேண்டும். பட்டம் கைக்கு வந்தாலும், பதினைந்து ஆண்டு அனுபவத்தோடு ஒரு கேள்வியின் முன் உட்காரக் கிடைத்த ஒரே வாய்ப்பு நழுவிவிடுகிறது. தமிழ்நாட்டில் அரசு ஆசிரியர்களின் வீடுகள் இந்தப் படிப்பை அனுமதித்ததே பெரும்பாலும் ஊக்க ஊதிய உயர்வுக்காக. 2020 மார்ச்சில் அரசு அதையும் நிறுத்தியது. “இனி எதுக்குப் படிக்கணும்?” என்ற கேள்வி பல வீடுகளில் எழுந்தது. பெண் படிப்பதற்கு இன்கிரிமென்ட் தவிர வேறு காரணம் இருக்கக்கூடும் என்று நாம் யாரிடமும் சொல்லிவைக்கவில்லை.

நூறாண்டுக்கு முன் இதே சென்னையில் இந்தச் சிக்கலை வேறு விதமாகப் புரிந்துகொண்டவர்கள் இருந்தார்கள். குழந்தைக் கைம்பெண்ணாகி, படித்து, 1911-இல் மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்றவர் சகோதரி சுப்பலட்சுமி. இளம் கைம்பெண்களை ஆசிரியர்களாக்க நினைத்தபோது அவர் முதலில் தேடியது அவர்கள் தங்க ஓர் இடம். கடற்கரை ஐஸ் ஹவுசில் விடுதி வந்தது. 1922-இல் தொடங்கிய லேடி வெலிங்டன் பயிற்சிக் கல்லூரியை உருவாக்கியதிலும் அவருக்குப் பங்குண்டு. ஐஸ் ஹவுஸ் விடுதி பிராமணக் கைம்பெண்களுக்கானது என்பதை மறந்துவிட்டு அதைப் போற்ற முடியாது. ஆனாலும் ஒரு பெண்ணைப் படிக்க வைப்பதென்றால் அவளுடைய சோற்றுக்கும் படுக்கைக்கும் நேரத்துக்கும் ஏற்பாடு செய்வதும் சேர்த்துத்தான் என்று அந்த ஏற்பாட்டுக்குத் தெரிந்திருந்தது. வருகைப் பதிவேட்டை மட்டும் நம்பும் இன்றைய விதிகளுக்கு அது தெரியவில்லை.

2025-இல் வெளியான வரைவு விதிகள் ஓராண்டு எம்.எட். படிப்பையும், பணியில் இருப்பவர்களுக்குப் பகுதிநேர வடிவத்தையும் பேசுகின்றன. பகுதிநேரம் வந்தால் பொய் கொஞ்சம் குறையலாம். ஆனால் வகுப்பறைக் கேள்விக்கு டூல் இல்லை என்ற பதில் மாறாவிட்டால், அதே அலமாரி வேகமாக நிறையும், அவ்வளவுதான். பி.எட். பாடத்திட்டத்தில் பாலினம், பள்ளி, சமூகம் என்று ஒரு தாள் வந்துவிட்டது. அந்தத் தாளைப் படித்துத் தேறிய பெண் எம்.எட். வந்து பாலினத்தை மறுபடியும் ஒரு கட்டமாக நிரப்புகிறாள் என்றால், அந்தத் தாள் எங்கே போயிற்று? நேர்காணல், தனியாள் ஆய்வு, செயலாய்வு எதையும் விதி தடுக்கவில்லை. தடுப்பது பழக்கம். நெறியாளருக்கும் அது ஒன்றுதான் கற்றுக்கொடுக்கப்பட்டது.

அந்தக் கோடையில் கடைசியாக ஒன்றைக் கவனித்தேன். எல்லா ஆய்வேடுகளிலும் உயிருள்ள ஒரு பக்கம் உண்டு. அது நன்றியுரை. சமையலைப் பார்த்துக்கொண்ட அம்மாவுக்கு, இரவில் விளக்கெரிந்ததைப் பொறுத்துக்கொண்ட கணவருக்கு, காய்ச்சலோடு பாட்டியிடம் கிடந்த மகளுக்கு. ஒரு பெண் படிக்க என்னென்ன வேண்டியிருக்கிறது என்ற தரவு முழுவதும் அங்கே இருக்கிறது, கடன்பட்ட குரலில். அதற்கு அடுத்த பக்கத்திலிருந்து வீடு என்ற ஒன்றே இல்லாத மாணவர்கள் தொடங்குகிறார்கள்.

எம்.எட். படிக்கும், படிக்கப்போகும் பெண்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். நன்றியுரையில் எழுதும் அந்த வீட்டை ஆய்வு முறை இயலுக்குள் கொண்டுவாருங்கள். டூல் இல்லை என்றால், இல்லாத காரணத்தையே முதல் இயலில் எழுதுங்கள். ஒரு மாணவி தாளோடு எழுந்து வந்து இது குறிப்பிட்ட நேரமா என்று கேட்டால், ஆம் என்று போடச் சொல்லாதீர்கள். அவளை உட்கார வைத்து, அவள் சொல்வதை எழுதிக்கொள்ளுங்கள்.