மூன்றில் ஒன்று பொய்

'தி கான்ஜுரிங்' படம் பார்த்துவிட்டு, ராத்திரி பாத்ரூம் லைட்டை அணைக்காமல் தூங்கியவரா நீங்கள்? வெட்கப்பட வேண்டாம். நானும்தான்.

2013-ல் வந்த அந்தப் படத்தில் பேயை விரட்டுகிற எட் வாரன் - லொரெய்ன் வாரன் தம்பதி நிஜ மனிதர்கள். அமெரிக்காவில், கனெக்டிகட் மாநிலத்துக்காரர்கள். வீட்டிலேயே ஒரு மியூசியம் வைத்திருந்தார்கள். அனபெல் பொம்மை உள்பட, சாத்தான் தொட்ட சாமான்கள். சுற்றிப் பார்க்க 13 டாலர். 1990-களில் ஒருநாள் இரண்டு பேர் காசு கொடுத்து உள்ளே போனார்கள். ஒருவர் ஸ்டீவன் நொவெல்லா, நரம்பியல் டாக்டர். இன்னொருவர் அவருடைய நண்பர் பெர்ரி டிஏஞ்சலிஸ். பேய் போட்டோக்கள், வீடியோக்கள் எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்தார்கள். கேமரா ஃப்ளாஷ் செய்கிற வழக்கமான கோளாறுகள் தெரிந்தன. பேய்தான் தெரியவில்லை.

அந்த இரண்டு பேரும் இன்னும் சிலரும் சேர்ந்து 2005 மே மாதம் ஆரம்பித்ததுதான் 'தி ஸ்கெப்டிக்ஸ் கைடு டு தி யுனிவர்ஸ்'. சந்தேகப் பிராணிகளுக்கான பிரபஞ்சக் கையேடு என்று வைத்துக்கொள்ளலாம். பாட்காஸ்ட் என்ற வார்த்தையே அப்போது புதுசு. வாரம் தவறாமல் வந்து, 2024-ல் ஆயிரம் எபிசோடைத் தாண்டிவிட்டது. டிஏஞ்சலிஸ் 2007-லேயே இறந்துபோனார். ஆவியாக வந்ததாக யாரும் சொல்லவில்லை. பழைய எபிசோடுகளில் குரல் மட்டும் இருக்கிறது.

ஃபார்மெட் ரொம்ப சிம்பிள். நொவெல்லா, அவருடைய சகோதரர்கள் பாப், ஜே, நண்பர் இவான் பெர்ன்ஸ்டீன், 2015-ல் சேர்ந்த காரா சாண்டா மரியா. ஐந்து பேர் உட்கார்ந்து அந்த வாரத்து விஞ்ஞானச் செய்திகளை அலசுவார்கள். நடுவில் கடி ஜோக், குடும்பக் கதை, ஸ்டார் வார்ஸ். ஒரு மணி நேரத்துக்கு மேல் போகும். இதில் பாதியை வெட்டலாமே என்று எனக்கு அடிக்கடி தோன்றியிருக்கிறது.

ஆனால் 'சயின்ஸ் ஆர் ஃபிக்ஷன்' என்று ஒரு பகுதி வரும். அதை மட்டும் வெட்ட விடமாட்டேன். நொவெல்லா மூன்று செய்திகள் சொல்வார். இரண்டு நிஜம், ஒன்று புளுகு. மற்றவர்கள் கண்டுபிடிக்க வேண்டும். நானே ஒரு சாம்பிள் தருகிறேன். ஒன்று: ஆக்டோபஸுக்கு மூன்று இதயம். இரண்டு: வெள்ளிக் கிரகம் தன்னைத்தானே ஒரு சுற்று சுற்றி முடிப்பதற்குள், சூரியனை ஒருமுறை சுற்றிவிடும். மூன்று: மனிதன் தன் மூளையில் பத்து சதவீதத்தைத்தான் உபயோகிக்கிறான். யோசித்து வையுங்கள், கடைசியில் பார்க்கலாம்.

இதில் எனக்குப் பிடித்தது விடை அல்ல. ஊருக்கே சந்தேகப்படச் சொல்லித்தருகிறவர்கள், மைக் முன்னால் ஏன் இதைத் தேர்ந்தெடுக்கிறேன் என்று காரணம் சொல்லி, அப்புறம் தோற்கிறார்கள். "அட, ஏமாந்துட்டேனே" என்று சிரிக்கிறார்கள். நம் டி.வி. விவாதங்களில் ஒருத்தராவது அப்படிச் சொல்லிக் கேட்டதுண்டா? நானும் பேப்பரில் எழுதிவைத்து விளையாடுகிறேன். ஸ்கோர் கேட்காதீர்கள்.

பி.காம். படித்தவர்களுக்கு ஆடிட்டிங் பேப்பரில் ஒரு கேஸ் தப்பாமல் வரும். 1896, இங்கிலாந்து, கிங்ஸ்டன் காட்டன் மில். ஆடிட்டர் என்பவர் காவல் நாய், மோப்ப நாய் அல்ல என்று நீதிபதி லோப்ஸ் சொன்ன வழக்கு. இந்த நிகழ்ச்சி காவல் நாயாக இருக்கும்போது பிரமாதம். அப்பப்ப மோப்ப நாயாகிவிடுகிறது. அங்கேதான் எனக்குச் சண்டை.

ஹோமியோபதியை எடுத்துக்கொள்ளுங்கள். '30சி' என்று பாட்டிலில் போட்டிருந்தால், மருந்தை நூறில் ஒரு பங்காக முப்பது தடவை கரைத்திருக்கிறார்கள். ஒன்றுக்குப் பக்கத்தில் அறுபது சைபர். பன்னிரண்டு தடவை தாண்டினாலே மூல மருந்தின் ஒரு மூலக்கூறுகூட மிஞ்சுவது சந்தேகம். கணக்கு சரி. இந்தக் கணக்கை இவர்கள் அழகாகச் சொல்வார்கள். சொல்லிவிட்டு ஐந்து பேரும் சேர்ந்து சிரிப்பார்கள்.

என் அத்தை சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுவதை நிறுத்திவிட்டு, சீனி உருண்டைக்கு மாறியிருந்தார். நான் அறுபது சைபரையும் எடுத்துக்கொண்டு போனேன். சிரிப்பையும் கூடவே எடுத்துப் போனது தப்பு.

"ஏண்டா, அந்த டாக்டர் என்னை உக்கார வெச்சு முக்கால் மணி நேரம் பேசறார். எப்படித் தூங்கறேன், என்ன கவலைன்னு கேக்கறார். உங்க பெரிய ஆஸ்பத்திரியில நிமிந்துகூடப் பாக்கலை. அதுக்கு எத்தனை சைபர் போடுவே?"

பதில் இல்லை. அந்த முக்கால் மணி நேரம் மருந்து அல்ல. ஆனால் அது பொய்யும் அல்ல. ஜனங்கள் ஏன் ஏமாறுகிறார்கள் என்பதை இந்த நிகழ்ச்சி மூளையில் தேடுகிறது. நினைவு தப்பும், கண் ஏமாற்றும், வேண்டியது மட்டும் காதில் விழும் என்று விளக்குகிறது. எல்லாம் வாஸ்தவம். கவனிக்க ஆள் இல்லாமல் போகிறவர்களைப் பற்றி, நான் கேட்ட வரைக்கும், பேச்சு குறைவு. இத்தனைக்கும் நடத்துகிறவர் நோயாளிகளைப் பார்த்த அனுபவமுள்ள டாக்டர்.

அடுத்த தடவை சைபரைப் பையிலேயே வைத்துவிட்டேன். "அத்தை, எதைப் பாத்தா நீங்க மனசு மாத்திப்பீங்க?" என்று மட்டும் கேட்டேன். இதுவும் அந்த நிகழ்ச்சியைக் கேட்டுக் கேட்டு வந்த கேள்விதான். அத்தை கொஞ்சம் யோசித்து, "பிளட் டெஸ்ட்" என்றார். மூன்று மாத சராசரியைக் காட்டுகிற டெஸ்ட். மாத்திரையை நிறுத்துவதற்கு முன்னால் எடுத்த ரிப்போர்ட்டில் 7.1. புது ரிப்போர்ட்டில் 9.4. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். வவுச்சர் பேசும்போது ஆடிட்டர் பேசக் கூடாது.

அத்தை மாத்திரைக்குத் திரும்பிவிட்டார். வேறு டாக்டர். இவர் நிமிர்ந்து பார்க்கிறாராம். சீனி உருண்டையையும் விடவில்லை. நானும் கேட்கவில்லை.

அந்த மூன்று கேள்விகளையும் அத்தையிடமே போட்டுப் பார்த்தேன். டக்கென்று "மூணாவதுதான் புளுகு" என்றார்.

"எப்படி அத்தை?"

"பத்து சதவீதம் போதும்னா கடவுள் எதுக்குடா இவ்ளோ பெரிய மண்டையைக் குடுக்கணும்?"

விடை சரி. காரணத்துக்கு மார்க் போடுகிற வேலையை நொவெல்லாவிடமே விட்டுவிடுகிறேன்.