டப்பாவும் படிக்கட்டும்

குற்றாலத்தில் சீசன் தொடங்கியதும் வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளைகள் எங்கள் ஊரான பண்பொழிக்கு வருகிறார்கள். பெற்றோருக்கென்று கையில் முன்பு ஹார்லிக்ஸ் பாட்டில் இருக்கும். இப்போது புரோட்டீன் பவுடர் டப்பா, கூடவே குடலுக்கு நல்லதென்று ஓர் அட்டை புரோபயாடிக் மாத்திரை. அம்மாவுக்குக் காலில் வலு குறைந்துவிட்டது, தரையில் உட்கார்ந்தால் எழ முடியவில்லை, இதைக் குடித்தால் சரியாகும் என்று நம்புகிறார்கள். கேட்டால், "இந்த வயசுல எக்சர்சைஸா செய்ய முடியும்? சத்தாவது உள்ள போகட்டுமே" என்கிறார்கள். எனக்கு வழக்கு டப்பாவோடு கொஞ்சம்தான். இந்தப் பதிலோடுதான் அதிகம்.

சத்து வேண்டும் என்பதில் சண்டை இல்லை. உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கணக்கு. 60 கிலோ உள்ளவருக்கு நாளுக்கு 50 கிராம். காலையில் இரண்டு இட்லி, மதியம் ரசம் சாதம், ராத்திரி அரை டம்ளர் பால் என்று நாளை ஓட்டும் ஆச்சிக்கு அதில் பாதிகூடச் சேராது. பல் போனவருக்கும் நோயிலிருந்து எழுந்தவருக்கும் மருத்துவர் பவுடர் எழுதிக் கொடுத்தால் அதில் நியாயம் உண்டு. தரம் வேறு விஷயம். கேரள மருத்துவர் சிரியாக் அப்பி பிலிப்ஸ் குழுவினர் 36 வகைப் புரதப் பவுடர்களைச் சோதித்து 2024-இல் வெளியிட்ட முடிவில், சுமார் 70 விழுக்காட்டு டப்பாக்களின் மேல் எழுதியிருந்த புரத அளவு சரியாக இல்லை. ஆனால் டப்பா சுத்தத் தங்கமாகவே இருந்தாலும் என் கேள்வி அப்படியேதான் நிற்கும். வேலை வாங்காத தசைக்குப் புரதத்தைக் கொடுத்து என்ன பயன்?

இதற்கு 30 ஆண்டுக்கு முன்பே பதில் வந்துவிட்டது. பாஸ்டன் நகரின் முதியோர் இல்லம் ஒன்றில் மரியா ஃபியாடரோன் என்ற மருத்துவர் 100 பேரை நான்கு பிரிவாகப் பிரித்தார். சராசரி வயது 87. ஒரு பிரிவுக்குக் கால் தசைகளுக்கு எடை ஏற்றும் பயிற்சி, ஒரு பிரிவுக்குச் சத்துபானம், ஒரு பிரிவுக்கு இரண்டும், ஒரு பிரிவுக்கு இரண்டும் இல்லை. பத்து வாரம் கழித்துப் பார்த்தபோது பயிற்சி செய்தவர்களின் தசைவலு இரு மடங்குக்கு மேல் கூடியிருந்தது. சத்துபானம் மட்டும் குடித்தவர்களிடம் சொல்லும்படியான மாற்றம் எதுவும் இல்லை. 1994-இல் வெளிவந்த அந்த ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. சத்துபானத்தோடு பயிற்சியும் செய்தவர்களுக்குத்தான் மொத்தச் சாப்பாட்டு அளவே கூடியது. வேலை செய்யாத உடம்பில் டம்ளர் பானம் உள்ளே போனால் அந்த அளவுக்குச் சோறு குறைகிறது. எண்பத்தேழு வயதில் முடிந்தது நம் எழுபது வயது அம்மாக்களுக்கு முடியாது என்று யார் தீர்ப்பு எழுதினார்கள்?

குடல் பக்கமும் இதே கதைதான். லண்டன் கிங்ஸ் கல்லூரியில் 60 வயது தாண்டிய 36 இரட்டையர் ஜோடிகளை எடுத்துக்கொண்டார்கள். எல்லோருக்கும் தசைப்பயிற்சியும் புரதச் சத்தும் பொது. ஜோடியில் ஒருவருக்கு மட்டும் குடல் நுண்ணுயிர்களுக்குத் தீனியாகும் நார்ப்பொருள். 12 வாரத்தில் நல்ல பாக்டீரியா பெருகியது, நினைவாற்றல் சோதனையில்கூட முன்னேற்றம் தெரிந்தது. அது பெரிய விஷயம்தான், மறுக்கவில்லை. ஆனால் நாற்காலியிலிருந்து எழும் வேகத்தில் இருவருக்கும் வித்தியாசம் இல்லை. இலினாய் பல்கலைக்கழக ஆய்வு இதன் மறுபக்கம். உணவை மாற்றாமல் ஆறு வாரம் ஓடவும் மிதிவண்டி மிதிக்கவும் வைத்தபோது, குடல்சுவருக்கு உணவாகும் பியூட்டிரேட்டைத் தரும் நுண்ணுயிர்கள் கூடின, குறிப்பாக ஒல்லியானவர்களிடம். பயிற்சியை நிறுத்திய ஆறு வாரத்தில் வந்தவை பெரும்பாலும் போய்விட்டன. அவர்கள் இளவயதினர் என்பதையும் சொல்லிவிட வேண்டும். இருந்தாலும் குடலுக்கும் உழைப்புக்கும் உள்ள உறவு அதில் தெரிகிறது.

குடலுக்கு நல்லதென்ற பழைய சோற்றுப் புகழும் இதில் சேரும். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் அதை ஆய்வுக்கே எடுத்துக்கொண்டார்கள். நல்லது. மேக்கரைப் பக்கம் கார் நடவுக்குப் போன பெண்கள் அந்தச் சோற்றைக் குடித்துவிட்டுப் பகல் முழுக்கக் குனிந்து நிமிர்ந்தார்கள். அவர்கள் முழங்கால் தேய்ந்ததையும் பார்த்திருக்கிறேன், அந்த வாழ்க்கை திரும்பி வர வேண்டும் என்று கேட்கமாட்டேன். ஆனால் நாம் சட்டியை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு குனிந்து நிமிர்ந்ததை மறந்துவிட்டோம்.

மறந்தது மட்டுமா, தடையும் போடுகிறோம். "அத்தை, நீங்க சும்மா இருங்க, நான் எடுக்கேன்" என்று மருமகள் தண்ணீர்க் குடத்தை வாங்கிக்கொள்கிறாள். அன்பால்தான். மகன் தரையில் உட்கார விடாமல் பிளாஸ்டிக் நாற்காலி வாங்கிப் போடுகிறான். உரல் போய், அம்மி போய், கடைசியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து எழுவதும் போய்விட்டது. வயதில் முதலில் சுருங்குவது வேகமாக இயங்கும் தசை இழைகள். குற்றாலப் பேரருவிப் பாசியில் கால் வழுக்கும்போது சட்டென்று ஊன்றிக்கொள்ள வைப்பவை அவைதான். அவற்றைக் காக்கச் சுமை வேண்டும், நிதானமான நடை மட்டும் போதாது. தமிழக அரசு 2023-இல் மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதை ஒதுக்கித் தொடங்கிய 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டம் இதயத்துக்கும் சர்க்கரைக்கும் நல்லது. ஆனால் உட்கார்ந்தால் எழ முடியாத அம்மாவுக்கு அதற்கு முன்பே எழுந்து உட்காரும் பயிற்சி வேண்டும். எனக்குத் தெரிந்து அதை யாரும் திட்டமாக்கவில்லை.

எங்கள் ஊருக்குத் திருமலை இருக்கிறது. அதன் உச்சியில் உள்ள குமாரசாமி கோயிலுக்கு நூற்றுக்கணக்கில் படிகள், இப்போது காரில் உச்சிவரை போகச் சாலையும் உண்டு. தைவானில் பருமனான 30 முதிய பெண்களில் பாதிப் பேரை மாடிப்படி ஏற மட்டும், மீதிப் பேரை இறங்க மட்டும் வைத்து 12 வாரம் பார்த்தார்கள், மறுவழிக்கு லிஃப்ட். 2017-இல் வந்த முடிவில் இறங்கியவர்களின் தொடைவலு ஏறியவர்களுக்குக் கூடியதைப்போல் இரு மடங்குக்கு மேல் கூடியிருந்தது. இறங்கும்போது உடம்பின் பாரத்தைத் தொடைத்தசை நீண்டபடியே தாங்குகிறது. மூச்சும் அவ்வளவு வாங்காது.

முழங்கால் வலி இருந்தால் மருத்துவரைக் கேட்டுவிட்டு, அடிவாரத்தில் 20 படி ஏறி இறங்கித் தொடங்கலாம். கிருத்திகைக்குக் கிருத்திகை கொஞ்சம் கூட்டலாம். கால் பழகிய பிறகு காரில் மேலே போய்க் கும்பிட்டுவிட்டுப் படிவழியாக இறங்கலாம். மகன் ஒரு படி கீழே முன்னால் இறங்கட்டும். கையைப் பிடிக்க வேண்டாம், தடுமாறினால் தாங்கும் தூரத்தில் நின்றால் போதும்.