அங்கன்வாடியில் கைச்சுத்தம்: நிறையும் குறையும்

வடகிழக்குப் பருவமழை தொடங்கிய பின்னர், ஒரு குழந்தைக்குக் கண்ட சளியும் காய்ச்சலும் சில நாட்களுக்குள் அங்கன்வாடி முழுவதும் பரவி, மாலையில் குழந்தைகளோடு வீடு சென்று தொட்டிலில் கிடக்கும் தம்பியையும் திண்ணையில் இருக்கும் பாட்டியையும் பற்றிக்கொள்வது ஆண்டுதோறும் நாம் காணும் விஷயம். இதற்குப் பரிகாரமாக நாம் பெரிதும் நம்பியிருப்பது சோப்பிட்டுக் கைகழுவும் நியமத்தையே. 2008 முதல் அக்டோபர் 15ஆம் நாள் உலகக் கைகழுவும் தினமாகக் கொண்டாடப்படுவதும், அன்று குழந்தைகள் வரிசையாக நின்று பாட்டுப் பாடிக் கை தேய்ப்பதும் அந்த நம்பிக்கையின் அடையாளங்கள். அந்நம்பிக்கை எவ்வளவு தூரம் நியாயமானது என்பதைப் பாரபட்சமின்றி ஆராய்வது அவசியம்.

முதலில் அதன் நிறையைச் சொல்லிவிட வேண்டும். வயிற்றுப்போக்கை விளைவிக்கும் கிருமிகள் பெரும்பாலும் மலத்திலிருந்து கைக்கும், கையிலிருந்து வாய்க்கும் செல்பவை. ஆதலால் அந்த வழியை இடையில் அறுப்பதற்குக் கைகழுவலைவிட எளிய உபாயம் வேறில்லை. சிறுவர் காப்பகங்களிலும் பள்ளிகளிலும் நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த அறிஞர்கள், இப்பழக்கம் ஊக்கத்துடன் போதிக்கப்பட்ட இடங்களில் வயிற்றுப்போக்கு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்ததாகக் கண்டிருக்கிறார்கள். ஒரு சோப்புக் கட்டியின் விலையில் கிடைக்கும் இப்பலனை அற்பமென்று தள்ளுவது பெரும் பிழை.

ஆனால் எல்லா நோயும் கை வழியாகவே வருவதில்லை. சளி, இருமல், இன்புளூயன்சா முதலியவற்றில் கைச்சுத்தம் தரும் பாதுகாப்பு இதைவிடக் குறைவு. ஏனெனில் அவை தும்மலிலும் மூச்சுக் காற்றிலும் பரவுகின்றன. மழைச்சாரலுக்கு அஞ்சிச் சன்னல்களை அடைத்துவிட்ட அறையில், ஒரே பாயில் நெருங்கி உறங்கும் குழந்தைகளின் கைகள் எவ்வளவு சுத்தமாக இருந்தும் அவ்விடத்தில் பயன் சொற்பமே. இன்புளூயன்சா கண்ட குழந்தை, காய்ச்சல் வெளிப்படுவதற்கு ஒரு நாள் முன்னரே பிறருக்கு நோயைத் தரக்கூடும். 2022இல் கேரளத்தின் கொல்லம் மாவட்டத்தில் தக்காளிக் காய்ச்சல் என்ற பெயரால் பீதியை உண்டாக்கிய கை-கால்-வாய் நோயிலோ, கொப்புளங்கள் ஆறிப் பல வாரங்கள் சென்ற பின்னும் கிருமி மலத்தில் வெளிப்படுவதுண்டு. கொரோனாக் காலத்தில் வீடுதோறும் புகுந்த சானிடைசர் இத்தகைய கிருமிகளிடம் போதிய வலிமை காட்டுவதில்லை. அவற்றைக் கையிலிருந்து அகற்ற, சோப்பு நுரையும் ஓடும் நீருமே வேண்டும்.

இவற்றினும் பெரிய குறை, யாருடைய கையைக் கழுவச் சொல்கிறோம் என்பதில் இருக்கிறது. 1847இல் வியன்னா நகரத்து மருத்துவமனையில் பிரசவித்த பெண்கள் காய்ச்சல் கண்டு மடிந்தபோது, இக்னாஸ் செம்மல்வைஸ் என்ற வைத்தியர், பிணச்சோதனை அறையிலிருந்து வந்த மருத்துவர்களையே குளோரின் கலந்த நீரில் கைகழுவச் செய்து மரணங்களைப் பெருமளவு குறைத்தார். நோயாளிகளுக்கு அவர் உபதேசம் செய்யவில்லை. நாமோ மூன்று வயதுக் குழந்தைக்குப் பாட்டுக் கற்பித்துவிட்டுக் கடமை முடிந்ததென்று இருக்கிறோம். குழந்தைக்குக் கால் கழுவிவிடுபவரும், அடுப்பை மூட்டிச் சமைப்பவரும், தட்டில் சோறு இடுபவரும், மூக்கைத் துடைத்துவிடுபவரும் பெரும்பாலான மையங்களில் ஒரே உதவியாளர்தாம். வாளி நீரில் ஒருவர் பின் ஒருவராகக் கையை நனைத்து, ஆணியில் தொங்கும் ஒரே துண்டில் எல்லாரும் துடைத்துக்கொள்ளும் இடத்தில், கைகழுவுதல் ஒரு சடங்காக நின்றுவிடுகிறது. இது அந்த உதவியாளரின் குற்றமன்று. குழாயும் நீரும் ஆளும் தராமல் சுத்தத்தை மட்டும் எதிர்பார்க்கும் நிர்வாகத்தின் குற்றம்.

நோயுற்ற குழந்தையை வீட்டில் நிறுத்திக்கொள்ளுங்கள் என்ற விதியும் இவ்வாறே பரிசீலிக்கத்தக்கது. மருத்துவ நோக்கில் அது சரியே. எனினும், அன்றைய கூலியை இழந்தால் அன்றிரவு அடுப்பு எரியாத தாய்க்கு அவ்விதி ஒரு தண்டனையாகிறது. குழந்தைக்கும் மையத்தில் கிடைக்கும் முட்டையும் சோறும் தவறிப்போகின்றன. ஆகவே அவள் காய்ச்சலை மறைத்து, மருந்து கொடுத்து, குழந்தையைக் கொண்டுவந்து விடுகிறாள். வராத நாட்களின் உணவை வீட்டுக்கே அனுப்ப வகைசெய்தால் இந்த மறைப்புக்கான காரணம் ஓரளவேனும் நீங்கும்.

நோய் வந்தால்தானே எதிர்ப்புச் சக்தி வளரும் என்று வாதிப்போரும் உண்டு. சாதாரணச் சளியைப் பொறுத்தவரை அதில் சிறிது உண்மை இருக்கலாம். ஆனால் எடை குறைந்த குழந்தைக்கு அடுத்தடுத்து வரும் வயிற்றுப்போக்கு எதிர்ப்பை வளர்ப்பதில்லை. உள்ள பலத்தையும் உறிஞ்சிவிடுகிறது. எதிர்ப்பை அபாயமின்றிப் பெறும் வழி தடுப்பு மருந்தே. 2016 முதல் தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் சேர்க்கப்பட்ட ரோட்டா வைரஸ் சொட்டு மருந்து அதற்குத் தக்க உதாரணம்.

எனவே கைகழுவும் நியமம் கைவிடத்தக்கதன்று. அது தனித்து நின்று எல்லாவற்றையும் காக்கும் என்ற எண்ணமே கைவிடத்தக்கது. 1975 அக்டோபர் 2இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டம் இன்று நாடெங்கும் வேரூன்றியிருக்கிறது. அதன் ஒவ்வொரு மையத்திலும் குழந்தைக்கு எட்டும் உயரத்தில் ஓடும் நீரும், தீராத சோப்பும், தனித்தனித் துண்டும், திறந்த சன்னலும், சமையலுக்கும் சுத்தத்துக்கும் வெவ்வேறு ஆட்களும் இருக்கும்படி செய்வது அரசின் கடமை. அவை இருக்கின்றனவா என்று நேரில் சென்று பார்த்துக் கேட்பது பெற்றோராகிய நம் கடமை.