27.5 கோடி என்றார்கள், 35.8 கோடி வந்தது

பிரிட்டன் 2020 ஏப்ரலில் டிஜிட்டல் சேவை வரியைக் கொண்டுவந்தது. தேடுபொறி, சமூக ஊடகம், ஆன்லைன் சந்தை ஆகிய மூன்றிலும் பிரிட்டன் பயனர்களால் கிடைக்கும் வருவாயில் 2 சதவீதம். லாபத்தில் இல்லைங்க, வருவாயில். உலக அளவில் 50 கோடி பவுண்டு, பிரிட்டனில் 2.5 கோடி பவுண்டு என்ற இரண்டு வரம்புகளையும் தாண்டும் குழுமங்களுக்கு மட்டும்தான் இந்த வரி.

முதல் வருடம் 27.5 கோடி பவுண்டு வரும் என்றது அரசின் கணிப்பு. வந்தது 35.8 கோடி. 30 சதவீதம் கூடுதல் என்றால் கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் கணிப்பு என்ற வகையில் பார்த்தால், கூட வந்தாலும் குறைய வந்தாலும் பிழை பிழைதான். கொரோனா காலத்தில் ஆன்லைன் வியாபாரம் எகிறியது உண்மை. அதை மட்டும் காரணமாகச் சொல்லி முடித்துவிட முடியாது.

அடிப்படைச் சிக்கல் இதுதான்: சட்டம் எந்த வருவாய்க்கு வரி போடுகிறதோ, அந்த எண் எந்த நிறுவனத்தின் கணக்கறிக்கையிலும் தனி வரியாக இருப்பதில்லை. அமேசான் 2020-இல் பிரிட்டன் விற்பனை சுமார் 2,650 கோடி டாலர் என்று வெளியிட்டது. அதில் அவர்களே நேரடியாக விற்ற பொருளும் உண்டு, கிளவுட் சேவையும் உண்டு. வரி விழுவதோ சந்தைக்கான கமிஷன் மாதிரி வருவாயில். கூகுளின் தாய் நிறுவனமான ஆல்பபெட், ஐரோப்பா, மத்தியக் கிழக்கு, ஆப்பிரிக்கா மூன்றையும் சேர்த்து ஒரே எண்ணாகத் தருகிறது. அதிலிருந்து பிரிட்டனைப் பிரிக்க ஏதோ ஒரு விகிதத்தை ஊகிக்கத்தான் வேண்டும்.

இன்னொன்று. முதல் வருடம் வரி கட்டியது 18 குழுமங்கள். அதில் 90 சதவீதம் 5 குழுமங்களிடமிருந்து வந்தது. வருமான வரி மாதிரி லட்சக்கணக்கான பேர் கட்டினால், ஒருவர் விஷயத்தில் கூடவும் இன்னொருவர் விஷயத்தில் குறையவும் ஊகித்தது ஓரளவு சமமாகிவிடும். அஞ்சு பேரில் அது நடக்காது. ஒருவருக்கான ஊகம் தவறினால் மொத்தமும் ஆடும். இப்படிப்பட்ட இடத்தில் ஒற்றை எண் சொல்வதே சரியில்லை என்பது என் கருத்து. 20 முதல் 40 கோடி என்று சொல்லியிருந்தால் நேர்மையாக இருந்திருக்கும். (பட்ஜெட் அட்டவணையில் அப்படி எழுத இடம் கிடையாது, அது வேறு கதை.)

வரியை யார் சுமக்கிறார்கள் என்பதும் அந்த எண்ணில் தெரியாது. 2020 நவம்பர் முதல் கூகுள் பிரிட்டன் விளம்பரங்களுக்கு 2 சதவீதக் கட்டணம் சேர்த்தது.

கனடாவின் கதை இன்னும் மோசம். அங்கே வரி 3 சதவீதம். 5 வருடத்தில் 720 கோடி கனடா டாலர் வரும் என்று நாடாளுமன்ற பட்ஜெட் அதிகாரி 2023 அக்டோபரில் கணித்தார். முதல் தவணை 2025 ஜூன் 30. ஜூன் 27 அன்று டிரம்ப், இந்த வரியைக் காரணம் காட்டி வர்த்தகப் பேச்சை முறித்தார். ஜூன் 29 இரவே கனடா வரியைக் கைவிடுவதாக அறிவித்தது. அந்த 720 கோடியைக் கணக்கிட்ட விரிதாளில் பயனர் எண்ணிக்கை, சந்தை வளர்ச்சி எல்லாவற்றுக்கும் ஒரு கட்டம் இருந்திருக்கலாம். வாஷிங்டனுக்கு?