அஞ்சலட்டையின் வாசகம்

அஞ்சலட்டை சேர்ப்போர் பலர் தபால்தலையின் அருமையையும் அட்டையின் விலையையும் நோக்குகின்றனரேயன்றி, அதில் அச்சாகியுள்ள சொற்களை நோக்குவதில்லை. இது பெருங்குறை.

1869இல் ஆஸ்திரிய-ஹங்கேரியில் படமின்றிப் பிறந்த அஞ்சலட்டை, அந்நூற்றாண்டின் இறுதியில் படந்தாங்கி மலாயாவிலும் விற்பனைக்கு வந்தது. சிங்கப்பூர் லாம்பர்ட் நிறுவனத்தார் வெளியிட்டவை இன்றும் விரும்பித் தேடப்படுகின்றன. அக்காலத்து அட்டைகளுள் நம்மவரைக் காட்டுவனவற்றைப் பாருங்கள். நாவிதர், மாட்டுவண்டிக்காரர், மூக்குத்தி அணிந்த பெண் என எவருக்கும் பெயரில்லை. 'கிளிங்' என்னும் ஒரு சொல்லே பலவற்றில் அனைவருக்கும் பெயராய் நிற்கிறது. கலிங்கத்தின் வழிவந்ததாகக் கருதப்படும் அச்சொல் பின்னர் இழிவுப் பொருள் ஏற்றதை நாம் அறிவோம்.

வண்ணத்தையும் அப்படியே நம்பலாகாது. அந்நாளைய அட்டைகள் பல ஜெர்மனியில் அச்சானவை. கறுப்பு வெள்ளைப் படத்திற்குச் சாயமேற்றியவர் இந்நாட்டைக் கண்டிராதவராகவும் இருக்கலாம். சேலையின் சிவப்பு அவர்தம் கற்பனையே எனினும் வியப்பில்லை.

காலத்தைக் கணிக்கப் பின்புறம் உதவும். பிரிட்டன் 1902இல்தான் முகவரிப் பக்கத்தை இரண்டாகப் பிரித்துச் செய்திக்கும் இடந்தந்தது. பிற நாடுகள் பின்தொடர்ந்தன. அதற்கு முந்திய அட்டைகளில் படத்தின் ஓரத்திலேயே, பெயரற்ற அம்மனிதரின் காலடியில், செய்தியை நெருக்கி எழுதினர்.

அட்டை சேர்க்கும் மாணவர், குறிப்பேட்டில் விலையைப் பதியுமுன் அவ்வாசகத்தை, கசப்பாயினும், உள்ளவாறே பதிதல் வேண்டும்.