சீனி வருத்தமும் பனங்கட்டியும்

நீரிழிவுக்கு நம் ஊரில் 'சீனி வருத்தம்' என்று பெயர். குழப்பம் அந்தப் பெயரிலேயே தொடங்குகிறது. வெள்ளைச் சீனியை வீட்டைவிட்டு அகற்றினால் வருத்தமும் அகன்றுவிடும் என்று பலர் நம்புகிறார்கள். ஊர்காவற்றுறை, நெடுந்தீவு, நயினாதீவு என்று தீவகத்தில் எங்கே போனாலும், சீனியை விட்டவர் கையில் வெறுந் தேத்தண்ணியும் ஒரு துண்டு பனங்கட்டியும் இருக்கும். இந்தப் பனங்கட்டி சீனிக்கு எந்த அளவுக்கு மாற்று?

முதலில் நல்லதைச் சொல்லிவிடுவோம். குவளைக்குள் கரைந்த சீனிக்குக் கணக்கு இல்லை; உள்ளங்கையில் இருக்கும் துண்டு கண்ணுக்குத் தெரியும். ஒரு துண்டோடு குவளையை முடிப்பவர் உண்மையிலேயே குறைத்துத்தான் உண்கிறார். பனங்கட்டியில் பொட்டாசியம் போன்ற தாதுக்களும் சிறிதளவு உண்டு. சுண்ணாம்பு தடவிய முட்டியில் இறக்கிய கருப்பநீரைக் காய்ச்சி, ஓலைக் குட்டானில் வார்க்கும் தொழில் பல குடும்பங்களுக்குச் சோறு போடுகிறது. பனை அபிவிருத்திச் சபை 1978 இல் உருவானதும் பனைசார்ந்த இத்தகைய தொழில்களை வளர்க்கத்தான்.

ஆனால் பனங்கட்டியின் பெரும்பகுதி சுக்குரோசு, சீனியும் அதுவே. 10 கிராம் துண்டு ஏறக்குறைய இரண்டு தேக்கரண்டிச் சீனிக்குச் சமம். அதிலுள்ள தாதுக்களுக்காக உண்பதென்றால், அவற்றைவிடப் பன்மடங்கு இனிப்பையும் சேர்த்து விழுங்கவேண்டும். கடித்த துண்டு பல்லில் ஒட்டிக்கொண்டால் பற்சொத்தைக்கும் வழி. சீனி கலந்து காய்ச்சிய கட்டி சந்தைக்கு வந்தால், மாற்று என்ற பேச்சுக்கே இடமில்லை.

உண்மையான மாற்று எப்படி இருக்கும் என்று பார்க்க, சீனியில்லாச் சூயிங்கத்தை இங்கே உரைகல்லாக வைக்கலாம். அத்தகைய பலவற்றில் சேரும் சைலிட்டோல் என்ற இனிப்பை வாய்க் கிருமிகளால் அமிலமாக்க முடியாது. மெல்லும்போது உமிழ்நீர் பெருகிப் பல்லைக் கழுவும். 1970களில் பின்லாந்தின் துர்க்கு நகரில் நடந்த ஆய்வுகள் இதற்கு அடித்தளமிட்டன. சைலிட்டோலுக்கும் குறை உண்டு: அளவு மீறினால் வயிற்றோட்டம், நாய் தின்றால் அதன் உயிருக்கே ஆபத்து. உடல் எடையைக் குறைக்கச் செயற்கை இனிப்பூட்டிகளை நம்பவேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023 இல் அறிவுறுத்தியது. சைலிட்டோல் வகை அந்த வழிகாட்டலுக்குள் வரவில்லை. எப்படியானாலும், 'சீனியில்லை' என்று உறையில் எழுதச் சூயிங்கத்துக்குத் தகுதி உண்டு. பனங்கட்டிக்கு அது இல்லை.

ஆகவே பனங்கட்டியை மருந்தென்று விற்பதும் வாங்குவதும் தவறு. பனைத்தொழிலைக் காக்க அதன் சுவையும் மணமும் போதும், பொய் வேண்டாம். சீனி வருத்தக்காரர் அதைச் சீனிக் கணக்கிலேயே எழுதட்டும்.