கோடை வாசிப்பும் கணக்கில் வராத பிள்ளைகளும்

அமெரிக்கப் பள்ளிகளின் கோடை விடுமுறை நீளமானது. பத்துப் பதினோரு வாரம் பிள்ளைகள் வகுப்பறைப் பக்கமே போவதில்லை. அந்த நாட்களில் அவர்கள் கையில் புத்தகம் இருக்க வேண்டும் என்பதற்காகப் பொது நூலகங்கள் நடத்தும் கோடை வாசிப்புத் திட்டம், ஊருக்கு ஊர் பெயர் மாறினாலும் உருவத்தில் ஏறக்குறைய ஒன்றுதான். நூலகத்தில் பெயர் பதிந்த பிள்ளைக்கு ஓர் அட்டை கொடுப்பார்கள். அதில் வரிசை வரிசையாகக் கட்டங்கள். இருபது நிமிடம் படித்தால் ஒரு கட்டத்துக்கு வண்ணம் தீட்டலாம். ஒரு வரிசை நிறைந்தால் ஸ்டிக்கரோ ஐஸ்கிரீம் கூப்பனோ கிடைக்கும். அட்டை முழுவதும் நிறைந்தால் சைக்கிளுக்கான குலுக்கலில் ஒரு சீட்டு. இப்போது பல நூலகங்களில் அட்டையின் வேலையை பீன்ஸ்டாக் போன்ற செயலிகள் செய்கின்றன. மினசோட்டா மாநில நூலகங்கள் 1987இல் தொடங்கி, பின்னர் பிற மாநிலங்களும் சேர்ந்துகொண்ட கூட்டமைப்பு ஒன்று ஆண்டுதோறும் பொதுக் கருப்பொருளையும் சுவரொட்டிகளையும் தருகிறது. கதை சொல்லல், பொம்மலாட்டம், மந்திரவாதி நிகழ்ச்சி எல்லாம் உண்டு, எல்லாம் இலவசம். இவ்வளவு நல்லெண்ணத்தோடு நடக்கும் ஒரு காரியத்தில் குறை காண்பது எளிதில்லை. ஆனாலும் அடிப்படையான குறை ஒன்று இருக்கிறது. எந்தப் பிள்ளைகளின் பெயரைச் சொல்லி இத்திட்டத்துக்கு நிதி கேட்கிறார்களோ, அந்தப் பிள்ளைகள்தான் அந்த அட்டையை வாங்க வருவதில்லை.

நிதி கேட்கும்போது சொல்லப்படும் காரணம் ‘கோடை இழப்பு’. பள்ளியில் கற்றதில் ஒரு பகுதியைப் பிள்ளைகள் விடுமுறையில் மறந்துவிடுகிறார்கள், ஏழைப் பிள்ளைகள் கூடுதலாக மறக்கிறார்கள் என்பது வாதம். இதற்கு வலுவான முதல் சான்றைத் தந்தவர் சமூகவியலாளர் பார்பரா ஹெய்ன்ஸ். அட்லாண்டா நகரில் ஆறாம், ஏழாம் வகுப்பு மாணவர்கள் சுமார் 3,000 பேரை ஆராய்ந்து 1978இல் அவர் வெளியிட்ட நூல், கோடையில் ஆறு புத்தகங்களாவது படித்த பிள்ளைகள் முன்னேறினார்கள் என்றது. பிள்ளைகளின் கோடைக்காலக் கல்விக்குப் பொது நூலகம் அளவுக்கு உதவிய வேறு பொது நிறுவனம் இல்லை என்றும் கண்டது. நூலகர்கள் இன்றுவரை பெருமையோடு எடுத்துக்காட்டும் வரி இது. அதே ஆய்வில் அவர்கள் அவ்வளவாக எடுத்துக்காட்டாத ஒன்றும் இருக்கிறது: வீட்டுக்கும் நூலகத்துக்கும் உள்ள தொலைவு கூடக் கூடப் பிள்ளைகள் நூலகத்துக்கு வருவது குறைந்தது.

யார் வருகிறார்கள், யார் வருவதில்லை என்பதை 2010இல் வெளியான டொமினிகன் பல்கலைக்கழக ஆய்வு இன்னும் தெளிவாகக் காட்டிவிட்டது. மூன்றாம் வகுப்பு முடித்து நான்காம் வகுப்புக்குப் போகும் மாணவர்களை எடுத்துக்கொண்ட அந்த ஆய்வில், நூலகத் திட்டத்தில் சேர்ந்தவர்கள் மற்றவர்களைவிட வாசிப்புத் தேர்வில் கூடுதல் மதிப்பெண் பெற்றார்கள். செய்திக் குறிப்புக்கு இது போதும். திறனாய்வுக்குப் போதாது. சேர்ந்தவர்கள் விடுமுறைக்கு முன் நடந்த தேர்விலேயே முந்தியிருந்தார்கள். அவர்களில் பெண் பிள்ளைகள் அதிகம், வெள்ளையர் அதிகம், வசதியான வீட்டுப் பிள்ளைகள் அதிகம். ஆகவே திட்டம் வாசகர்களை உருவாக்கியதா, ஏற்கெனவே வாசகர்களாக இருந்தவர்கள் திட்டத்தில் சேர்ந்தார்களா என்ற கேள்விக்கு அந்த மதிப்பெண்கள் பதில் சொல்லவில்லை. மதிய வேளையில் காரில் அழைத்துவர ஒரு பெரியவர், அட்டையில் கையெழுத்துப் போட ஒரு பெற்றோர், நிமிடங்களைக் குறித்துவைக்கும் பழக்கமுள்ள ஒரு வீடு என்ற மூன்றும் இருந்தால்தான் இத்திட்டத்தில் ஒரு பிள்ளை கடைசிவரை நிற்க முடியும். இரண்டு இடத்தில் வேலை பார்க்கும் தாயின் பிள்ளைக்கு இதில் எது வாய்க்கும்?

பரிசுகளைப் பற்றி நெடுநாளாக ஒரு சண்டை உண்டு. படம் வரைவதை விரும்பிய மழலையர் பள்ளிப் பிள்ளைகளிடம், வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொல்லிக் கொடுத்தபோது, பிற்பாடு அவர்கள் தாமாக வரைவது குறைந்துபோனதை லெப்பர், கிரீன், நிஸ்பெட் மூவரும் 1973இல் காட்டினார்கள். கூப்பனுக்காகப் படிக்கும் பிள்ளை கூப்பன் நின்றதும் படிப்பதை விட்டுவிடும் என்போர் இதைத்தான் சான்றாகக் காட்டுகிறார்கள். எதிர்த்தரப்பின் பதிலிலும் நியாயம் இருக்கிறது. அந்தச் சோதனை ஏற்கெனவே விருப்பமுள்ள பிள்ளைகளைப் பற்றியது. விருப்பமே இல்லாத பிள்ளையிடம் கெடுவதற்கு என்ன இருக்கிறது, ஐஸ்கிரீமுக்காகவாவது உள்ளே வரட்டுமே என்பது அவர்கள் வாதம். இதை நானும் ஒப்புக்கொள்வேன், அந்தப் பிள்ளை உண்மையிலேயே உள்ளே வந்தால். வருகிறவர்களில் பெரும்பாலோர் விருப்பத்தோடு வருகிறவர்கள் என்னும்போது, பரிசு தேவைப்படாதவர்களுக்குப் பரிசு கொடுத்துக்கொண்டிருக்கிறோம் என்றாகிறது. வழி இல்லாமலில்லை. மரினாக், கேம்பிரெல் இருவரும் மூன்றாம் வகுப்பு மாணவர்களிடம் நடத்தி 2008இல் வெளியிட்ட ஆய்வில், புத்தகத்தையே பரிசாகப் பெற்ற பிள்ளைகளின் வாசிப்பு விருப்பம் குறையவில்லை. பிளாஸ்டிக் பொம்மைகளை நிறுத்திவிட்டுப் புத்தகமே கொடுக்கத் தொடங்கிய நூலகங்கள் சரியான பாதையில் இருக்கின்றன.

எண்ணிக்கை போட்டியாக மாறும்போது கோளாறு இன்னும் வெளிப்படையாகிறது. 2013இல் நியூயார்க் மாநிலத்துச் சிற்றூர் ஒன்றின் நூலகத்தில் ஒரே சிறுவன் தொடர்ந்து ஐந்தாவது ஆண்டாக வாசிப்புப் போட்டியில் வென்றான். அவன் ஒதுங்கி மற்றவர்களுக்கு வழிவிட வேண்டும் என்று நூலகத் தரப்பிலிருந்தே பேச்சு வர, அது நாடு முழுக்கச் செய்தியானது. எல்லோரும் சிறுவன் பக்கம் நின்று நூலகத்தைத் திட்டித் தீர்த்தார்கள். யார் அதிகம் படித்தார் என்று போட்டி வைத்தால், மெதுவாகப் படிக்கும் பிள்ளைக்கு முதல் வாரத்திலேயே ஆட்டம் முடிந்துவிடும் என்பதை அந்தச் சலசலப்பில் யாரும் பெரிதாகப் பேசவில்லை. பிரிட்டனில் 1999 முதல் நடக்கும் கோடை வாசிப்புச் சவால் இந்த விஷயத்தில் விவேகமானது. பிள்ளை தனக்குப் பிடித்த ஆறு புத்தகங்களைப் படிக்க வேண்டும், அவ்வளவுதான். ஆறை முடித்த எல்லோருக்கும் பாராட்டு உண்டு, அறுபது படித்தவருக்கென்று தனி மேடை கிடையாது. பதின்வயதினர் நிலைமை வேறு. பதினைந்து வயதுப் பையனிடம் கட்டத்துக்கு வண்ணம் தீட்டச் சொன்னால் அவன் வாசல் பக்கம்கூட வரமாட்டான். சிறு பிள்ளைகளுக்குக் கதை வாசிக்கும் தொண்டராக அவனை அழைக்கும் நூலகங்கள் அவனைத் தக்கவைத்துக்கொள்கின்றன.

நூலகத்துக்கு வராத பிள்ளைக்கு என்ன செய்வது? இதற்கும் சான்று இருக்கிறது. ரிச்சர்ட் ஆலிங்டனும் ஆன் மெக்கில்-ஃபிரான்ஸனும் ஃபுளோரிடாவில் வறுமை மிகுந்த 17 பள்ளிகளின் பிள்ளைகளுக்கு, அவர்களே தேர்ந்தெடுத்த 12 புத்தகங்களை ஒவ்வொரு கோடையிலும் இலவசமாகக் கொடுத்தார்கள். இப்படி மூன்று கோடைகள். பாட்டு, சினிமாப் பிரபலங்களைப் பற்றிய புத்தகங்களைப் பிள்ளைகள் விரும்பி எடுத்தார்கள். ஆசிரியர் பட்டியலில் அவை இடம்பெற வாய்ப்பே இல்லை. 2010இல் வெளியான முடிவின்படி அந்தப் பிள்ளைகள் புத்தகம் பெறாதவர்களைவிடத் தேர்வில் மேலாகச் செய்தார்கள், மிக ஏழைப் பிள்ளைகளுக்குப் பலன் இன்னும் கூடுதல். புத்தகத்தைக் கையில் கொடுத்தால் போதுமா என்ற ஐயத்துக்கும் இடமுண்டு. ஜேம்ஸ் கிம், தாமஸ் வைட் இருவரின் 2008ஆம் ஆண்டு ஆய்வில் புத்தகம் மட்டும் பெற்றவர்களிடம் பெரிய மாற்றம் இல்லை. படித்ததைப் புரிந்துகொள்ளவும் உரக்க வாசித்துக் காட்டவும் ஆசிரியர்கள் முன்கூட்டியே பழக்கிவிட்டவர்களே முன்னேறினார்கள். ஒரே கோடை போதாது, மூன்று கோடைகள் வேண்டும் என்பதாலும் இந்த வேறுபாடு வந்திருக்கலாம். எப்படியானாலும் இரண்டு ஆய்வுகளும் அட்டையையும் குலுக்கலையும் நம்பி நிற்கவில்லை.

பிள்ளை இருக்கும் இடத்துக்கே புத்தகத்தைக் கொண்டுபோவது நூலகத்துக்குப் புதிய யோசனையும் இல்லை. பிட்ஸ்பர்க் கார்னகி நூலகம் 19ஆம் நூற்றாண்டின் முடிவிலேயே, கோடையில் பிள்ளைகள் கூடும் விளையாட்டுத் திடல்களுக்குப் புத்தகங்களைக் கொண்டுபோனது. புத்தகம் ஒவ்வொன்றுக்கும் அதற்குரிய வாசகர் கிடைக்க வேண்டும் என்று 1931இல் சென்னையிலிருந்து விதி வகுத்த எஸ்.ஆர். ரங்கநாதன், அதே ஆண்டு மன்னார்குடியில் கனகசபைப் பிள்ளை உருவாக்கிய மாட்டுவண்டி நூலகத்தைத் தொடங்கிவைத்தார். வாசகர் வரட்டும் என்று காத்திருக்கும் நூலகம் பாதி வேலையைத்தான் செய்கிறது என்பது அப்போதே தெரிந்திருந்தது. இன்று அமெரிக்காவில் கோடை இலவச மதிய உணவு வழங்கும் பூங்காக்களிலும் பள்ளிகளிலும் புத்தகப் பெட்டியோடு போய் நிற்கும் நூலகர்கள் இருக்கிறார்கள். தாமதக் கட்டணத்துக்கு அஞ்சி ஒதுங்கிய குடும்பங்களைத் திரும்ப அழைக்க, 2019இல் சிகாகோ பொது நூலகம் அந்தக் கட்டணத்தையே எடுத்துவிட்டது. கோடை வாசிப்புக்கு ஆயிரம் சுவரொட்டியைவிட இது பெரிய உதவி.

கோடை இழப்பு என்பதே மிகைப்படுத்தப்பட்டது என்ற மறுப்பு அண்மையில் வலுத்திருக்கிறது. ஆய்வாளர் பால் வான் ஹிப்பல் 2019இல், பழைய ஆய்வுகளின் தேர்வு முறையிலேயே கோளாறு இருந்தது, புதிய தேர்வுகளில் ஏழை–பணக்கார இடைவெளி கோடையில் அவ்வளவாக விரியவில்லை என்று எழுதினார். மதிப்பெண்ணைக் காட்டி நிதி கேட்டுப் பழகிய நூலகங்களுக்கு இது சங்கடம்தான். என் பார்வையில் இது நல்லதுக்கே. பாடசாலையின் கோடைக் கிளையாக நடந்துகொள்ள வேண்டிய கட்டாயம் நூலகத்துக்கு இல்லை. தனக்குப் பிடித்த புத்தகத்தைப் பணமில்லாமல் எடுத்துப்போகும் உரிமை மதிப்பெண் ஏறாத பிள்ளைக்கும் உண்டு, அந்த உரிமைக்கு ஆய்வின் ஒப்புதல் வேண்டியதில்லை.

இனி எஞ்சுவது கணக்குக் கேள்வி. எத்தனை லட்சம் நிமிடங்கள் படித்தார்கள் என்று ஆண்டறிக்கையில் போடாவிட்டால் நகர மன்றம் பணம் தராது என்கிறார்கள் நிர்வாகிகள். கணக்கு வேண்டும்தான். இந்தக் கோடையில் முதன்முறையாக உறுப்பினர் அட்டை பெற்ற பிள்ளைகள் எத்தனை பேர், அவர்கள் எந்தத் தெருக்களிலிருந்து வந்தார்கள், நூலகத்தின் எல்லைக்குள் இருந்தும் ஒரு பிள்ளைகூடப் பதியாத பள்ளி எது என்ற மூன்றையும் அறிக்கையின் முதல் பக்கத்தில் போடட்டும். நிமிடக் கணக்குப் பின்னிணைப்புக்குப் போகட்டும்.